கர்ஜனைக்கு அப்பாலும் ஒரு குரல்

கிண்டி தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி அறை இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். வாரநாட்களில் கீழே இரும்பு அறைபடும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்பதால் அன்று இரும்புச் சத்தம் மாடியிலிருந்து வரும். அப்படியொரு ஞாயிறு மாலை, ஐந்து பேர் கொண்ட மெட்டல் குழுவின் பயிற்சியைப் பார்க்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பாடகருக்குப் பகலில் கணினி வேலை. மூன்று பாட்டை அடித்தொண்டையிலிருந்து கர்ஜித்து முடித்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து அதிமதுரம் போட்ட வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தார். டிரம்மர் சிம்பலின் திருகை இறுக்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், தானே எழுதிய ஒரு தமிழ் மெட்டை மெல்ல முணுமுணுத்தார். பாட்டி வீட்டுக் கிணற்றைப் பற்றிய பாட்டு.

கிட்டாரிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கு மச்சி. ஆனா நம்ம பேண்டுக்கு செட் ஆகாதே?"

"தெரியும்டா. இது பேண்டுக்கு இல்ல."

அதன்பின் கொஞ்ச நேரம் அறையில் யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்துக்குள் இருந்த கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மெட்டல் குழுவின் முகமாக நிற்கும் பாடகர், அதே காலத்தில் தனிக் கலைஞராகவும் வளர முடியுமா? அது குழுவுக்குச் செய்யும் துரோகமா, பாடகருக்கு அவசியமான மூச்சா? குழுவை உடைக்குமா, ஊட்டம் தருமா? உலக அனுபவத்தையும் இந்திய அனுபவத்தையும் தமிழர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: குழுவில் இடம் கிடைக்காத குரலுக்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டை ஒளிவுமறைவில்லாமல் கட்டிய பாடகர்களின் குழுக்கள் நிலைத்தன, சில வளரவும் செய்தன. மறைத்தோ மறுத்தோ வைத்த இடங்களில் இரண்டுமே இடிந்தன.

கிண்டிக்கும் மெட்டலுக்கும் என்ன உறவு

கர்நாடக சங்கீதத்துக்கு மயிலாப்பூர், சினிமாப் பாட்டுக்குக் கோடம்பாக்கம் என்று சென்னையில் இசைக்கு முகவரிகள் உண்டு. ராக், மெட்டல் இசைக்கு முகவரி கேட்டால் கிண்டியையும் அதை ஒட்டிய அடையாறையும்தான் சொல்ல வேண்டும். காரணம் கல்லூரிகள். ஒருபுறம் கிண்டி பொறியியல் கல்லூரி, அதன் டெக்கோஃபெஸ் விழா. மறுபுறம், கிண்டிக் காட்டை வெட்டி 1959இல் எழுந்த ஐஐடி. அங்கே 1970களில் 'மார்டி க்ரா' என்று தொடங்கிய மாணவர் விழா பின்னர் 'சாரங்' ஆனது. புள்ளிமான்கள் நடமாடும் வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் ராக் இரவு என்பது, இந்த ஊரில் பல தலைமுறை மாணவர்களுக்கு முதல் மின்கிட்டார் அனுபவம்.

2009ஆம் ஆண்டு சாரங் விழாவில் ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு வாசித்தது. சென்னை மெட்டல் ரசிகர்களின் நினைவில் அது ஒரு மைல்கல். நம் கேள்விக்கும் அந்த இரவு பொருத்தமானது. ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் ஒரே பாட்டுக்குள் அடித்தொண்டைக் கர்ஜனையையும் தாலாட்டுப் போன்ற மென்குரலையும் மாற்றி மாற்றிப் பாடுபவர். 2002இல் 'டெலிவரன்ஸ்' என்ற கனமான ஆல்பம், 2003இல் கர்ஜனையே இல்லாத 'டாம்னேஷன்' என்று, ஒரே காலத்தில் பதிவான இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்து வெளியிட்ட குழு அது. 2011இல் வந்த 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்திலிருந்து கர்ஜனையையே கைவிட்டார். 2024இல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் மீண்டும் எடுத்தார். ஒரு தொண்டைக்குள் இரண்டு பாடகர்கள் இருப்பதைக் கிண்டியின் மாணவர்கள் அன்று நேரில் கேட்டார்கள். ஆக்கர்ஃபெல்டுக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் குழு விசாலமாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அடையாறில் இயங்கிய அன்வைண்ட் சென்டரும், அங்கே நடந்த ஜூன் ராக் அவுட் நிகழ்ச்சிகளும் உள்ளூர்க் குழுக்களுக்கு மேடை தந்தன. பிளட் கவனன்ட், எஷர்ஸ் நாட் போன்ற மெட்டல் குழுக்களும், ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட் போன்ற ராக் குழுக்களும் இந்த ஊரிலிருந்து வந்தவை. பெரும்பாலும் பாட்டு ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ், மேடையில் ஆங்கிலம், தொண்டையில் கர்ஜனை. இந்த மூன்றுக்கும் நடுவில் விட்டுப்போன ஏதோ ஒன்றுதான் பின்னாளில் பல பாடகர்களைத் தனிப்பாட்டின் பக்கம் இழுக்கிறது.

தொண்டை செய்யும் வேலை

மெட்டல் பாடகர் சும்மா கத்துகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. கத்தினால் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். தேர்ந்த பாடகர்கள் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க்குரல்நாண்களை நெருக்கி அதிரவிட்டு அந்த ஒலியை எழுப்புகிறார்கள். மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். மெய்யான குரல்நாண்களின் மேல் பாரம் விழக்கூடாது. திபெத்திய கியூத்தோ மடத்துத் துறவிகள் மந்திரம் ஓதும் ஆழ்ந்த ஒலிக்கும் இதே உறுப்புகள்தான் துணை. நியூயார்க்கின் குரல் பயிற்சியாளர் மெலிசா கிராஸ் 2005இல் 'தி ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பாடக் காணொளியை வெளியிட்டார். கர்ஜனைக்கும் சாதகம் உண்டு என்பதை ஊரறியச் செய்த முயற்சிகளில் அது ஒன்று.

நமக்கும் இது புதிதல்ல. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்கள் ஊர்க்கோடி வரை கேட்கும்படி பாடினார்கள். நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எத்தனை கட்டையில் பாடினார்கள் என்பதை இன்றும் வியந்து பேசுகிறோம். கூத்தில் துரியோதனனாகக் குரலெடுத்துக் கத்தும் அதே ஆள், மறுநாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடுவார். வேஷம் கட்டினால் ஒரு குரல், கலைத்தால் ஒரு குரல்.

மெட்டல் பாடகருக்கு அந்த வேஷத்தைக் கலைக்க மேடை கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். கர்ஜனை அவருடைய கோபத்துக்கும் துயரத்துக்கும் சரியான ஆடை. ஆனால் குழந்தை பிறந்த மகிழ்ச்சிக்கு, ஊர்க்கிணறு தூர்ந்துபோன வருத்தத்துக்கு, சும்மா ஒரு மழை மாலைக்கு அது பொருந்தாது. வயதும் ஒரு காரணம். இருபதில் எட்டிய உச்சம் நாற்பதில் எட்டாமல் போகலாம். வேறு சுருதியில், வேறு அழுத்தத்தில் பாடிப் பழகியவருக்கு அந்த நாள் வரும்போது கையில் மாற்று இருக்கும்.

உலகம் காட்டும் வழிகள்

மெட்டலின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், குழுப் பாடகர் தனிக் கலைஞராகும் கதைகள் சில வகைகளுக்குள் அடங்கும்.

முதல் வகை, துரத்தப்பட்டவர். ஆஸி ஆஸ்போர்ன் 1979இல் பிளாக் சாபத் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டே 'பிளிஸ்ஸர்ட் ஆஃப் ஆஸ்' வந்தது. தனியாளாகவே பெரும் நட்சத்திரம் ஆனார். அவருடைய கடைசி நிகழ்ச்சி 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் நடந்தபோது, பழைய சாபத் நண்பர்களும் உடன் வாசித்தார்கள். அடுத்த பதினேழாம் நாள் அவர் மறைந்தார். நாற்பத்தைந்து ஆண்டு தனிவழி நடந்தவரும் கடைசியில் முதல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் வகை, விலகியவர். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டு 1992இல் பிரிந்து, 'ஃபைட்' என்ற குழுவை நடத்தி, 2000இல் தன் பெயரிலேயே அமைத்த 'ஹால்ஃபோர்டு' குழுவோடு 'ரெஸரெக்ஷன்' ஆல்பம் தந்து, 2003இல் தாய்க் குழுவுக்குத் திரும்பினார். நடுவில் பதினோரு ஆண்டுகள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வழி இருந்திருந்தால் ரசிகர்களுக்கும் அவருக்கும் அந்த இடைவெளி நேர்ந்திருக்காது.

மூன்றாம் வகைதான் நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது: ஒரே காலத்தில் இரண்டையும் செய்தவர். அயர்ன் மெய்டன் குழுவின் புரூஸ் டிக்கின்சன் குழுவில் இருந்தபடியே 1990இல் 'டாட்டூட் மில்லியனர்' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு வித்திட்டது, ஒரு திகில் படத்துக்காக அவர் தனியாகச் செய்த பாட்டு. அதைக் கேட்ட குழுத் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ், இது நமக்கு வேண்டும் என்று குழுவுக்கு எடுத்துக்கொண்டார். குழு மறுபடி பதிவு செய்த அந்தப் பாட்டு 1991 ஜனவரியில் பிரிட்டனின் ஒற்றைப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அயர்ன் மெய்டனின் நெடிய வாழ்வில் அங்கே முதலிடம் தொட்ட ஒரே பாட்டு அதுதான். இன்னொன்றும் நடந்தது. டிக்கின்சனின் தனி ஆல்பத்துக்கு கிட்டார் வாசித்த ஜானிக் கெர்ஸ் அதே ஆண்டு அயர்ன் மெய்டனில் சேர்ந்தார். இன்றுவரை அங்கே இருக்கிறார்.

பிறகு 1993இல் டிக்கின்சன் குழுவை விட்டே போனார். தனி ஆல்பங்களில் முட்டி மோதி, 1997, 1998 ஆண்டுகளில் 'ஆக்சிடென்ட் ஆஃப் பர்த்', 'தி கெமிக்கல் வெட்டிங்' என்று தன் ஆகச் சிறந்த தனிப் படைப்புகளைத் தந்தார். அவற்றில் உடன் வாசித்தவர், முன்பே அயர்ன் மெய்டனை விட்டுப் போயிருந்த கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித். 1999இல் இருவரும் சேர்ந்தே குழுவுக்குத் திரும்பினார்கள். ஒரு தனிப்பாதை குழுவுக்கு ஒரு முதலிடப் பாட்டைக் கொடுத்தது, ஒரு கிட்டாரிஸ்டைக் கொடுத்தது, இன்னொருவரைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் கூட 'தி மாண்ட்ரேக் பிராஜெக்ட்' என்ற தனி ஆல்பம் வந்திருக்கிறது, குழுவும் நடக்கிறது. 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் கேட்ட குரல், இப்படிப் போய்த் திரும்பிப் பக்குவப்பட்ட குரல்.

கனடாவின் டெவின் டவுன்செண்ட் இதையே ஒரே ஆண்டுக்குள் செய்து காட்டினார். 1997இல் ஸ்ட்ராப்பிங் யங் லாட் குழுவோடு 'சிட்டி' என்ற ஆவேசமான ஆல்பம். அதே ஆண்டு கடல்போல் விரியும் 'ஓஷன் மெஷின்' என்ற தனி ஆல்பம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் பாடியது என்று நம்ப முடியாது.

கசப்பான பாடமும் உண்டு. ஃபின்லாந்தின் நைட்விஷ் குழு 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கி நிகழ்ச்சி முடிந்த கையோடு, பாடகி தார்யா துருனனைப் பகிரங்கக் கடிதம் மூலம் நீக்கியது. குழுவுக்கும் சொந்த வாழ்வுக்கும் நடுவே எது முக்கியம் என்பதில் பேசித் தீர்க்காத மனத்தாங்கல்கள் அந்தக் கடிதத்தில் கொட்டின. அதே குழுவில் இன்று பாடும் ஃப்ளோர் யான்சன் 2023இல் 'பாரகன்' என்ற தனி ஆல்பம் வெளியிட்டார், குழுவிலும் தொடர்ந்தார். அந்த இருபது ஆண்டுகளுக்குள் ஒரு குழு எதைக் கற்றுக்கொண்டது என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

இந்திய மண்ணில்

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிக நேரடியான எடுத்துக்காட்டு மும்பையின் சாஹில் மக்கிஜா. 2000இல் டெமானிக் ரெஸரெக்ஷன் குழுவைத் தொடங்கியவர். பாடகரும் கிட்டாரிஸ்டும் அவரே. குழு 'எ டார்க்னஸ் டிசெண்ட்ஸ்', 'தி ரிட்டர்ன் டு டார்க்னஸ்', 'தி டீமன் கிங்' என்று ஆல்பங்கள் தந்தது. 2017இல் பெருமாளின் பத்து அவதாரங்களையும் வைத்து 'தசாவதார்' என்ற ஆல்பமே செய்தது. இவற்றுக்கு இணையாக 'டெமன்ஸ்டீலர்' என்ற பெயரில் மக்கிஜாவின் தனி ஆல்பங்கள்: 2008இல் ஒன்று, 2016இல் 'திஸ் பர்டன் இஸ் மைன்', 2018இல் இன்னொன்று, 2023இல் 'தி ப்ரோபகாண்டா மெஷின்'. 2016ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் நைல் குழுவின் ஜார்ஜ் கொலியாஸ். மும்பைக் குழுவின் வழக்கமான ஐந்து பேருக்குள் நின்றிருந்தால் அமைந்திருக்காத கூட்டு அது. இது போதாதென்று சொந்த இசை நிறுவனம், நகைச்சுவை மெட்டல் குழு, சமையல் நிகழ்ச்சி என்றும் நடத்தினார். மெட்டலை நம்பிப் பிழைக்க முடியாத நாட்டில், மெட்டலை விடாமல் பிழைக்கப் பல கை வேண்டியிருக்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

கொச்சியின் மதர்ஜேன் குழு வேறு கதை. 1996இல் தொடங்கி, கர்நாடக சங்கீதச் சாயலை ராக் கிட்டாருக்குள் கொண்டுவந்த குழு; 2008இல் வெளியான 'மக்தூப்' ஆல்பம் அதன் உச்சம். பாடகர் சூரஜ் மணி பிறகு விலகி 'தத்துவ ட்ரிப்' என்ற பெயரில் சொந்த வழி கண்டார். கிட்டாரிஸ்ட் பைஜு தர்மஜனும் தனிக் கலைஞர் ஆனார். இருவரும் தனித்தனியே நல்ல இசை தந்தார்கள். ஆனால் 'மக்தூப்' தந்த அந்தச் சேர்மானம் இருவரிடமும் தனியே கிடைக்கவில்லை. குழு என்பது அதில் இருப்பவர்களைக் கூட்டிவரும் தொகையைவிடப் பெரியது என்பதை ரசிகர்கள் இப்படித்தான் உணர்கிறார்கள். அதனால்தான் விலகுவதைவிட இணையாக நடப்பது மேல் என்கிறேன்.

அதே கொச்சியின் தைக்கூடம் பிரிட்ஜ் 2013இல் புறப்பட்டது. நாட்டார் பாட்டையும் கனமான கிட்டாரையும் சேர்த்த குழு. அதன் பாடகர்களில் ஒருவரும் வயலின் கலைஞருமான கோவிந்த் மேனன், தாய் பெயரைச் சேர்த்து கோவிந்த் வசந்தா ஆனார். தமிழ்நாட்டில் அவரை அறியாதவர் இல்லை. 2018இல் வந்த '96' படத்தின் இசை அவருடையது. மேடையில் குழுவோடு அதிரும் மனிதர்தான் அந்தப் படத்தின் மௌனங்களை இசையால் நிரப்பியவர் என்று பலருக்குத் தெரியாது. '96'க்கு அடுத்த ஆண்டே, 2019இல், அவருடைய குழு 'நம:' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. இரண்டு வீடும் நடந்தன.

சிக்கிமின் கிரிஷ் பிரதான் கேங்டாக்கில் கிரிஷ் அண்ட் த க்ரானிக்கிள்ஸ் குழுவை நடத்திக்கொண்டே, லாம்ப் ஆஃப் காட் குழுவின் முன்னாள் டிரம்மர் கிறிஸ் ஆட்லரோடு ஃபர்ஸ்ட்போர்ன் என்ற குழுவிலும் பாடினார். மலையூரிலிருந்து ஒரு குரல் கண்டம் தாண்டிப் போக அந்த இரண்டாம் வாசல் உதவியது.

தமிழ்க் குரல்கள்

தமிழர்களில் இந்த இசைக்கு நீண்டகாலம் உழைத்தவர்களைத் தேடினால் சிங்கப்பூர் போக வேண்டும். அங்கே 1992இல் தொடங்கிய ருத்ரா குழு 'வேதிக் மெட்டல்' என்ற தனிக் கிளைக்கே பெயர் தந்தது. பாடகரும் பேஸ் கிட்டாரிஸ்டுமான கதிரேசன் தமிழர். 2003இல் 'குருக்ஷேத்ரா', 2005, 2009, 2011 ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற முப்பகுதி ஆல்பம் என்று உபநிடதத்தை அடித்தொண்டையில் பாடினார்கள். கதிரேசனின் இணைப்பாதை இசையில் இல்லை. அவர் வேதாந்தம் கற்பிப்பவர், மனவிழிப்புப் பயிற்சி ஆசிரியர், நூலாசிரியர். சிங்கப்பூர் இந்தியச் சமூகத்தின் அடையாளத்தைப் பற்றி, இந்தக் குழுவை வைத்து ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் கட்டுரையே எழுதியிருக்கிறார். வகுப்பறையில் அமைதியாகச் சொல்வதையே மேடையில் இடியாகச் சொல்கிறார் கதிரேசன். ஒன்று மற்றதற்கு உரம். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு மெட்டல் குழு தாங்கி நின்றதற்கு அந்த உரமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

சென்னையில் குழுவிலிருந்து தனிவழி என்றால் பெரும்பாலும் சினிமா வழி. ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை அமைத்தவர். ரூட்ஸ் குழுவில் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு வாசித்தவர். அந்த சுரேஷ் பீட்டர்ஸின் குரலைத்தான் 'ஜென்டில்மேன்', 'காதலன்' படங்களில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. ராக் மேடையில் பழகிய குரல் சினிமாவுக்குள் வந்தபோது சினிமாவும் மாறியது.

மெட்டல் இல்லையென்றாலும் நம் கேள்விக்கு மிக நெருக்கமான சமீபத்திய அனுபவம் ராப் பாடகர் அறிவினுடையது. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் ஒரு குரலாக இருந்தவர், 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு 'தெருக்குரல்' ஆல்பம் தந்தார். 2021இல் 'என்ஜாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. அதை எழுதிப் பாடியவரை ஓர் இசை இதழின் அட்டை விட்டுவிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. 2024இல் பாட்டியின் பெயரைத் தாங்கிய 'வள்ளியம்மா பேராண்டி' வந்தது. குழுவின் கூட்டுக்குரலில் சொல்ல முடிந்தது ஒன்று. பாட்டியின் வாழ்க்கையைப் பேரன் சொல்வது இன்னொன்று. இரண்டாவதற்குத் தனிக்குரல்தான் வேண்டும். அதே குழுவை நடத்திய டென்மா, அதற்குமுன் கபேர் வாசுகியோடு குரங்கன் என்ற இருவர் அணியில் இருந்தவர். இந்த ஊரில் குழுக்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டுத்தான் வளர்ந்திருக்கின்றன.

தமிழ் ரசிகருக்கு இரட்டைப் பாதை புதிதும் அல்ல. கச்சேரி மேடையின் உச்சத்தில் இருந்த பாலமுரளிகிருஷ்ணா 1965இல் 'திருவிளையாடல்', 1977இல் 'கவிக்குயில்' படங்களில் பாடினார். சபாவிலும் கைதட்டினோம், தியேட்டரிலும் கைதட்டினோம். ஒரு வித்வானுக்குக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை ஒரு மெட்டல் பாடகருக்குக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

கூலியும் உரிமையும்

ஆசையை மட்டும் வைத்து இந்தக் கேள்வியைப் பேச முடியாது. ஐந்து பேர் குழுவுக்கு டிரம்ஸ் செட் வேண்டும், ஆம்ப் வேண்டும், ஒலி பொறியாளர் வேண்டும், ஏற்றிப்போக வண்டி வேண்டும். கிடைக்கும் தொகையை ஐந்தாகப் பிரித்தால் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும். ஒரு கிட்டாரோடு ஒருவர் போய்ப் பாடினால் மெட்ரோவிலேயே போகலாம்.

சென்னையில் மேடையும் குறைவு. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். பார் வைக்க அனுமதி பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் மன்றங்களுக்கும்தான். பெங்களூருவில் குழுக்களை வளர்த்த சின்னச் சின்ன இசைக்கூடங்கள் இங்கே அதனால் முளைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அக்கம்பக்கத்தாரின் தூக்கம் முக்கியம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி விழாவை விட்டால் மெட்டலுக்குப் போக்கிடம் இல்லாத ஊரில், காபிக் கடை மூலையிலும் புத்தகக் கடை மாடியிலும் பாடக்கூடிய மென்குரல் வேண்டியதாகிறது. பல பாடகர்களை அங்கே அனுப்புவது கலை மட்டுமல்ல, இந்த நிலைமையும்தான்.

அடுத்தது உரிமை. ஒரு பாட்டுக்குள் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று சொத்து இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதி செய்தது. பாடுபவருக்கும் தன் பாட்டு வணிகரீதியாகப் பயன்பட்டால் பங்கு உண்டு என்றது. பாடகர்களின் உரிமைச் சங்கம் 2013இல் உருவானது. இவ்வளவு இருந்தும், நம் குழுக்களில் யார் எதை எழுதினார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைக்கும் பழக்கம் அரிது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்ற பெருந்தன்மை முதல் ஆண்டில் அழகு. ஐந்தாம் ஆண்டில் அதுவே பகையாகிறது. பாடகர் தன் தனி நிகழ்ச்சியில் குழுப் பாட்டைப் பாடலாமா? பயிற்சி அறையில் பிறந்த மெட்டைத் தன் ஆல்பத்தில் சேர்க்கலாமா? குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? இந்த மூன்று கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே எழுதி ஐந்து கையெழுத்தும் போட்டுக்கொண்ட குழு, பாடகரின் தனி ஆல்பத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

எதிர்வாதங்கள்

இந்தக் கருத்துக்கு மறுப்பு உண்டு. அவற்றில் உண்மையும் உண்டு. முதலாவது, கவனம் சிதறும் என்பது. நேரம் ஒன்றுதான், தனி ஆல்பத்துக்குப் போகும் ஞாயிறு, குழுப் பயிற்சிக்கு வராத ஞாயிறு. சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழு 2005இல் இரண்டு ஆல்பங்கள் தந்தபின் நின்றது. பாடகர் செர்ஜ் டான்கியனின் தனி ஆல்பம் 2007இல் வந்தது. அதன்பின் குழுவிடமிருந்து முழு ஆல்பம் வரவேயில்லை. ஆனால் அங்கே பிரச்சினை தனி ஆல்பத்தில் தொடங்கவில்லை. யார் எழுதுவது, யாருக்கு எவ்வளவு என்ற தகராறுதான் வேர். தனி ஆல்பம் அந்த வேரில் முளைத்தது.

இரண்டாவது மறுப்பு, ரசிகர்களுடையது: மென்மையாகப் பாடினால் மெட்டலை விற்றுவிட்டார் என்பார்கள். இந்தக் கோபத்தின் அடியில் அன்பு இருக்கிறது. தங்களுக்குக் கிடைத்த ஒரே புகலிடம் பறிபோய்விடும் என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பாடகருக்கு உண்டு. குழு நிகழ்ச்சியில் அரைமனதோடு நிற்காமல் இருப்பதே அந்தப் பதில்.

மூன்றாவது, வெளிச்சம். மேடையில் பாடகர் முன்னால் நிற்பவர். தனிப் பெயரும் வந்துவிட்டால் மற்ற நால்வர் பின்னணிக் கலைஞர்கள் ஆகிவிடுவார்கள். இது மெய்யான ஆபத்து. சுவரொட்டியில் குழுவின் பெயருக்குமேல் பாடகரின் பெயரைப் போட அமைப்பாளர் ஆசைப்படும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் பாடகர்தான்.

என்ன செய்யலாம்

இத்தனை அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று காரியங்கள் தெளிகின்றன. ஒன்று, தனிப்பாட்டு எண்ணம் வந்த நாளிலேயே குழுவிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் ஆள் மூலம் தெரிவது முறிவின் தொடக்கம். இரண்டு, எது குழுவுக்கு, எது தனக்கு என்ற எல்லையை ஒலியால் வகுக்க வேண்டும். குழுவின் சாயலிலேயே தனி ஆல்பம் செய்தால் அது போட்டி. வேறு மொழியில், வேறு வாத்தியத்தில் செய்தால் அது புதிய வீடு. சென்னைப் பாடகருக்கு இங்கே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. குழுவில் ஆங்கிலத்தில் கர்ஜித்தவருக்குத் தனிப்பாட்டு தாய்மொழியைத் திருப்பிக் கொடுக்கிறது. தமிழில் எழுதிப் பழகியபின் குழுவுக்கும் தமிழ் வரலாம். தமிழில் ஒரு முழு மெட்டல் மரபு பிறக்க அதுவே வழியாகவும் அமையலாம். மூன்று, குழு நண்பர்களைத் தனிப்பாட்டுக்கு அழைக்க வேண்டும். டிக்கின்சனின் கதை சொல்வது இதைத்தான்: வாசலைத் திறந்து வைத்தவர் வீட்டுக்குள் ஆட்கள் இரு பக்கமும் வந்துபோவார்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. போட்டி மேடையில் குழுக்களுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதாது. அதே விழாவின் ஒரு மாலையில், அதே பாடகர்கள் தனியே வந்து பாட ஒரு சிறு மேடை போடலாம். பெரிய செலவு இல்லை. ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு மரநிழல். கிண்டி வளாகங்களில் மரநிழலுக்குப் பஞ்சமில்லை.

தொழிற்பேட்டை மாடி அறைக்கு அடுத்த மாதமும் போயிருந்தேன். பயிற்சி முடிந்து கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த நண்பர், ஜிப்பை மூடாமல் நின்றார்.

"அந்தக் கிணறு பாட்டு ரெகார்ட் பண்ணி வச்சிருக்கியாடா?"

"ஃபோன்லதான். ஏன்?"

"அனுப்பு. நடுவுல ஒரு கிட்டார் வந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

பாடகர் சிரித்துக்கொண்டே ஃபோனை எடுத்தார். டிரம்மர் அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் தொடையில் தாளம் போடத் தொடங்கியிருந்தார்.